ஆமை வாங்குமுன் தரையை அளந்து பாருங்கள்

செல்லப்பிராணிக் கடையின் கண்ணாடித் தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆமைக் குஞ்சு. பிள்ளை அந்த இடத்தைவிட்டு நகர மறுக்கிறது. குரைக்காது, முடி கொட்டாது, கீழ்வீட்டுக்காரர் புகார் செய்ய மாட்டார், அடுக்குமாடி வீட்டுக்கு இதுதான் தோது என்கிறார் கடைக்காரர். தொட்டி, விளக்கு, தீனி எல்லாம் சேர்த்து ஒரே விலை. அல்மா, ஜூரு, மாச்சாங் பூபோக் என்று புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றியுள்ள சின்ன வீடுகளுக்குள் ஆமை நுழைகிற வழி பெரும்பாலும் இதுதான்.

அந்தக் குஞ்சு சுல்காட்டா இனமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பிலுள்ள வறண்ட புல்வெளி அதன் பிறப்பிடம். உலகின் தரை ஆமைகளில் கலாபகோஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடியாகப் பெரியது. முழுதாக வளர்ந்தால் ஓடு மட்டும் 80 சென்டிமீட்டரை எட்டக்கூடும். எடை 45 கிலோவையும் தாண்டும். மண்ணைத் தோண்டி மீட்டர் கணக்கில் வளை அமைப்பது அதன் இயல்பு. பத்துப் பதினைந்து ஆண்டில் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆயுளோ எழுபது ஆண்டுக்கு மேல். கடைக்காரர் விற்ற இரண்டடித் தொட்டி அதற்கு ஓராண்டுகூடப் போதாது. சுல்காட்டாவை அடுக்குமாடி வீட்டில் வைத்து வளர்க்க எந்தத் தொட்டியும் கிடையாது. இதை வாங்கும் நாளிலேயே சொல்லிவிட்டால் பாதித் துன்பம் குறையும். ஆனால் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு முழு பிளைவுட் பலகை எட்டடி நீளம், நாலடி அகலம். அந்த அளவுக்குக் கூடத்தின் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள், இல்லையென்றால் பழைய நாளிதழ்களை விரித்து ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். அதை மிதிக்காமல் நடங்கள், சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுங்கள். முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் நடுத்தர ஆமைக்கு, வளர்ந்த பிறகு குறைந்தபட்சம் தேவைப்படும் தரை அவ்வளவு. 700 சதுர அடி வீட்டில் 32 சதுர அடி போய்விடும். அந்த ஒரு வாரத்திலேயே வீட்டார் முகம் சுளித்தால், ஆமை வேண்டாம். நாற்பது ஆண்டுக் கதை அது.

குஞ்சுப் பருவத்தில் நாலடிக்கு இரண்டடி இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு சமாளிக்கலாம். ஆனால் அடுத்த கட்டத்துக்கான இடம் எங்கே என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இடம் போதாதவர்கள் இரண்டு தட்டு வைத்து, நடுவே சரிவுப் பலகை போட்டு இணைக்கிறார்கள். சரிவு மிகவும் தாழ்வாக, சொரசொரப்பாக, இரு பக்கமும் தடுப்போடு இருந்தால் மட்டுமே அது சரிப்படும். மல்லாந்து விழுந்த ஆமை சூடான விளக்கின் அடியில் நிமிர முடியாமல் கிடந்தால் உயிர் போய்விடும். மற்றபடி உயரத்தால் ஆமைக்கு ஒரு பயனும் இல்லை. உயரமான கண்ணாடித் தொட்டிக்குக் கொடுக்கும் பணம் காற்றுக்குக் கொடுத்த பணம்.

கண்ணாடித் தொட்டி மீனுக்கானது. ஆமைக்குக் கண்ணாடி என்ற தடுப்பே புரியாது. வெளியே தெரிகிற இடத்துக்குப் போக நாள் முழுவதும் சுவரை முட்டி, பிறாண்டிக்கொண்டே இருக்கும். விளையாடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே காற்றோட்டம் இல்லை. ஈர மண்ணும் எச்சமும் சேர்ந்து புழுங்கும். அப்படிப் புழுங்கும் இடத்தில் ஓடு அழுகுவதும், மூக்கில் நுரை தள்ளி மூச்சு நோய் வருவதும் சாதாரணம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வெயில். மேற்குப் பார்த்த பால்கனியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி எப்படிக் கொதிக்கும் என்று தொட்டுப் பார்த்தாலே தெரியும். உடம்பைக் குளிர்விக்க ஆமைக்கு வியர்வை கிடையாது. நிழலுக்கு நகர்வது ஒன்றுதான் வழி. தொட்டிக்குள் நிழல் எங்கே?

நாம் இணையத்தில் படிக்கும் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே குளிர்தான் பிரச்சினை. எனவே மூடிய பெட்டி, இரவெல்லாம் எரியும் வெப்ப விளக்கு, அடியில் சூடேற்றும் விரிப்பு என்று சொல்கிறார்கள். செபராங் பிறையில் இரவில்கூட வெப்பம் 24, 25 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்குகிறது. ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. குளிர்நாட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் இங்கே ஆமை வெந்துபோகும். நமக்குப் பொருந்துவது மேல் திறந்த மரத்தொட்டி: மேசையைப் போலக் கால் வைத்தது, நான்கு பக்கமும் ஒளி ஊடுருவாத சுவர், சுவரின் உயரம் ஓர் ஒன்றரை அடி. ஒரு பிளைவுட் பலகை அடித்தளத்துக்கு, இன்னும் இரண்டு சுவருக்கு. உள்ளே தண்ணீர் இறங்காதபடி மீன்குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பு. ஏறி விழாமலிருக்க மூலைகளில் மேல்விளிம்பை உள்நோக்கிச் சற்று நீட்டிவிட வேண்டும். கால்களில் சக்கரம் பொருத்தினால் பெருக்கித் துடைக்க எளிது. அடியில் உள்ள இடம் அரிசிப் பானைக்கோ பள்ளிப் பைகளுக்கோ பயன்படும். தச்சுவேலை தெரியாதவர்கள் சிமெண்டு கலக்க விற்கும் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைக் குஞ்சுக்கு வைக்கலாம். கடையில் விற்கும் கண்ணாடித் தொட்டியைவிட அது மலிவு, ஆமைக்கும் நல்லது.

தளத்துக்குத் தேங்காய் நார்த்தூளும் உரம் கலக்காத தோட்ட மண்ணும் கலந்து நாலு விரல் ஆழத்துக்குப் போடுங்கள். வெறும் மணல் வேண்டாம். தீனியோடு உள்ளே போய்க் குடலை அடைக்கும். நாளிதழ் மட்டும் விரித்தால் கால் வழுக்கும், தோண்டவும் முடியாது. ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் கட்டாயம்: பாதி மண்ணில் புதைத்த பூந்தொட்டி போதும்.

விளக்கு விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஆமையின் உடம்பு சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும்; அதைத் தோல் உருவாக்கச் சூரியனின் புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை வேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆகவே சன்னலோரம் வெயில் விழுகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கதிர் கிடைக்காத குஞ்சின் ஓடு சில மாதங்களில் மெத்தென்றாகும், தாடை வளையும், கால்கள் உடம்பைத் தாங்காமல் இழுபடும். வீட்டுக்குள் வளர்ப்பதென்றால் ஊர்வனவற்றுக்கென விற்கும் யு.வி.பி. குழல் விளக்கு தேவை. பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. நெருக்கமான கம்பி வலைகூடக் கதிரைக் கணிசமாகக் குறைக்கும். இன்னொன்று: அந்தக் குழல் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர் தீர்ந்துவிடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் காலத்தில், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், மாற்றிவிடுங்கள். இதோடு ஒரு மூலையில் மட்டும் வெப்ப விளக்கு வைத்து அதன் அடியில் 32 முதல் 35 டிகிரி வரவேண்டும். மறு மூலை அறையின் வெப்பத்திலேயே இருக்கட்டும். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். காலை வெயிலில் கார் நிறுத்துமிடத்திலோ புல்தரையிலோ அரைமணி நேரம் விட்டால் விளக்கைவிட நன்று. பக்கத்தில் நிழல் இருக்க வேண்டும், நீங்களும் இருக்க வேண்டும்.

ஓடு மலைமலையாகப் புடைத்த ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள். புரதம் அதிகமானதால் வந்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். வியன்னாவில் சுல்காட்டா குஞ்சுகளை வைத்து ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வறண்ட காற்றுதான் முதன்மைக் காரணம், உணவுப் புரதத்தின் பங்கு சிறியது என்று காட்டியது. நம் ஊர்க் காற்றில் இயல்பாகவே ஈரம் இருக்கிறது. அதைக் கெடுப்பது குளிர்சாதனம். படுக்கையறையில் இரவெல்லாம் ஏர்கோன் ஓடினால் ஆமை அங்கே இருக்கக் கூடாது. இதே ஈரம் மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்த ஹெர்மன், கிரேக்க ஆமைகளுக்குப் பகை. சிறியவை, சின்ன வீட்டுக்கு ஏற்றவை என்று விற்கப்படும் அவற்றுக்கு இந்தப் புழுக்கத்தில் மூச்சு நோய் எளிதில் வரும். தென்னமெரிக்கக் காடுகளின் செங்கால் ஆமை நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துப்போகும். ஆனால் அதற்கும் அந்த எட்டுக்கு நாலடி வேண்டும்.

தீனிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. புல், செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, பூச்சிமருந்து படாத களைகள் போதும். சோறு, ரொட்டி, நாய்த் தீனி கூடாது. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாததாக இருக்கட்டும், நீரைத் தினமும் மாற்றுங்கள். மாற்றாத தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் சமரசத் தொகை கட்ட நேரும். தரை வீடுகளில் தொட்டியை வெளியே வைப்பவர்கள் எலியை மறக்க வேண்டாம். இரவில் ஓட்டுக்குள் கிடக்கும் ஆமையின் காலையும் வாலையும் எலி கடித்துத் தின்னும். இரவு மூடிக்குத் தடித்த கம்பி வலை வேண்டும்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ, கர்ப்பிணியோ, முதியவரோ இருந்தால் இன்னொரு ஆபத்தையும் எண்ணிப் பாருங்கள். நோயே இல்லாத ஆமையும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். சின்ன ஆமைகளைப் பிள்ளைகள் வாயில் வைத்ததாலேயே நோய் பரவியதைக் கண்டு, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இலேயே தடை செய்தது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், ஆமையையோ அதன் தட்டையோ சமையலறைத் தொட்டியில் கழுவாமலிருப்பதும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவை.

இனி சட்டம். தரை ஆமைகளின் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் எனப்படும் அனைத்துலக வாணிப உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. ஓர் இனம்கூட விலக்கில்லை. மலேசியாவில் அதை நடைமுறைப்படுத்துவது 2008ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபச் சட்டம், அதாவது சட்டம் 686. உரிய அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்த விலங்கைக் கடத்தியவர் மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பவரும் இதில் சிக்குவார். தனிநபருக்கு ஒரு விலங்குக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. இதோடு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அதன் அட்டவணையில் உள்ள இனத்துக்கு, வளர்ப்பவரின் பெயரில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடமிருந்து உரிமமோ சிறப்பு அனுமதியோ பெற வேண்டும். காட்டோரத்தில் கண்ட உள்ளூர் ஆமையை வீட்டுக்கு எடுத்துவருவது இரக்கமாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அது பிடித்தல்.

நட்சத்திர ஆமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் முன்னோர் ஊரிலிருந்து வருகிறது. தமிழ்நாடு, ஆந்திரம், இலங்கையின் வறண்ட பகுதி ஆகியவற்றின் புதர்க்காடுகளில் வாழும் இந்த ஆமை, சென்னை, திருச்சி விமான நிலையங்களில் கோலாலம்பூருக்குப் புறப்படும் பெட்டிகளுக்குள்ளிருந்து மீண்டும் மீண்டும் மீட்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதை முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. அந்த ஆண்டு நவம்பர் முதல் காட்டு ஆமையின் அனைத்துலக வாணிபம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே முகநூலில் மலிவாகக் கிடைக்கும் நட்சத்திர ஆமையை வாங்காதீர்கள். மடகாஸ்கர் ஆமைகளின் கதையும் இதேதான்: 2017 மே மாதம் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் கற்கள் என்று பெயரிட்டு வந்த பெட்டிகளில் 330 ஆமைகளைச் சுங்கத்துறை பிடித்தது. அவற்றில் ஐந்து, உலகிலேயே மிக அரிதான கலப்பை ஆமைகள்.

பினாங்குக்கு இந்த வாணிபம் புதிதல்ல. இங்கிருந்து இயங்கிய அன்சன் வோங் என்ற வனவிலங்கு வணிகர் ஊர்வனவற்றைக் கடத்தியதற்காக 2001இல் அமெரிக்க நீதிமன்றத்தில் 71 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2010 ஆகஸ்டில், பினாங்கிலிருந்து ஜகார்த்தா செல்லும் வழியில் கே.எல்.ஐ.ஏ.வில் அவருடைய பெட்டி உடைந்தபோது உள்ளே 95 போவா பாம்புகளும் ஓர் ஆமையும் இருந்தன. அதற்கு விதித்த ஆறு மாதச் சிறை போதாது என்று எழுந்த கண்டனத்துக்குப் பின் உயர்நீதிமன்றம் அதை ஐந்து ஆண்டாக்கியது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைத்து அவரை விடுவித்தது. வாங்குகிறவர் இருக்கும்வரை இந்தப் பெட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இனத்தின் அறிவியல் பெயர் எழுதிய ரசீது, இறக்குமதி அனுமதியின் நகல் அல்லது இங்கேயே குஞ்சு பொரித்ததற்கான சான்று, கடையின் பெர்ஹிலித்தான் உரிமம். “அதெல்லாம் தேவையில்லை, எல்லாரும் வாங்குகிறார்கள்” என்ற பதில் வந்தால் கடையைவிட்டு வெளியே வாருங்கள். சந்தேகமிருந்தால் வாங்குமுன் 1-800-88-5151 என்ற எண்ணில் பெர்ஹிலித்தானைக் கேட்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு உள்ள உரிமை பலருக்குத் தெரியாது. 2015ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்பு ஒழுங்குமுறையின் 14ஆம் துணைவிதி எல்லாப் பிராணிகளையும் தடுக்கவில்லை. மற்ற வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தருவதையும், வேறு சட்டத்தை மீறுவதையும்தான் தடுக்கிறது. சத்தமும் நாற்றமும் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கும் ஆமை அதில் வராது. ஆனால் தொட்டியைப் பொது நடைபாதையில் வைத்தால் உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும். நிர்வாகக் குழு கூடுதலாக ஏதேனும் துணைவிதி நிறைவேற்றியிருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கள்.

வாங்கிய ஆமை நோயாளியாக இருந்தால்? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருள்’ என்பதற்குள் விலங்கையும் மீனையும் சேர்த்தே சொல்கிறது. விற்பவர் ஏற்கத்தக்க தரத்துக்குப் பொறுப்பு. நீங்கள் தெரிவித்த தேவைக்குப் பொருந்த வேண்டியதும் அவர் பொறுப்பு. எனவே வாங்குமுன் வாட்சாப்பில் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதி அனுப்புங்கள்: நான் அடுக்குமாடியில் இருக்கிறேன், எட்டுக்கு நாலடிதான் இடம் இருக்கிறது, இந்த ஆமை வளர்ந்த பிறகும் அதில் இருக்க முடியுமா? அவர் ‘முடியும்’ என்று பதில் அனுப்பினால் அது சாட்சி. பிறகு தகராறு வந்தால் ரசீது, படங்கள், மருத்துவர் அறிக்கையோடு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். தீர்ப்பான தொகையை எதிர்த்தரப்பு 14 நாளில் கொடுத்தாக வேண்டும். தொழிலாகச் செய்யாமல் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு விற்கும் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எட்டாமல் போகலாம். மனு எழுதத் தயக்கமாக இருப்பவர்கள் 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கே தமிழிலேயே பேசலாம்.

உரிமையைப் போலவே கடமையும் சட்டத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் பொருத்தமான இடம், உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, நோயிலிருந்து காப்பு ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பாக்குகிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திரும்பக்கூட முடியாத தொட்டியில் ஓராண்டு கிடந்து கால் வளைந்துபோன ஆமையைச் சட்டம் வருமுன் நம் மனசாட்சியே கேட்க வேண்டும்.

இடமில்லாமல் போனவர்கள் பெரும்பாலும் செய்வது, செரோக் தோக் குன் ஓடைப் பக்கம் விட்டுவிடுவது, அல்லது கோயில் குளத்தில் விடுவது. புண்ணியம் என்று நம்பித்தான் செய்கிறார்கள். தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. குளத்தில் விட்டால் மூழ்கிச் சாகும். காட்டில் விட்டால் அதன் உடம்பிலுள்ள கிருமி உள்ளூர் ஆமைகளுக்குப் பரவும். பேராக், சுங்கையில் வனவிலங்கு மீட்பு மையம் நடத்தும் பெர்ஹிலித்தானிடமே ஒப்படையுங்கள். முதலில் தொலைபேசியில் பேசி நேரம் கேளுங்கள். எப்போது, எங்கே வாங்கியது, என்ன தின்னும், என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, ரசீதின் நகலோடு இணையுங்கள். மூடியில் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அடியில் பழைய துண்டு விரித்துக் கொண்டுபோகலாம். வழியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு, ஆமையை உள்ளே வைத்துக் கடைக்கு இறங்க வேண்டாம்.